வேலையை விட்டால்தான் தொழிலதிபரா?

"வேலையை உதறிட்டுக் குதிக்கிற துணிச்சல் இருந்தா போதும், நைக்கி ஷூ கம்பெனியைத் தொடங்கின ஃபில் நைட் அப்படித்தான் ஜெயிச்சார்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். தப்புங்க. அவர் 1964-ல் கம்பெனி ஆரம்பிச்சார். முழுநேரமா அதுல இறங்கினது 1969-ல்தான். நடுவுல கணக்காளர் வேலை, அப்புறம் கல்லூரியில் கணக்கியல் பாடம் நடத்துறதுன்னு சம்பளம் வாங்கிக்கிட்டேதான் ஷூ வித்தார். ஆப்பிள் கம்பெனி தொடங்கின 1976-லகூட, அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான வாஸ்னியாக், ஹெச்பி கம்பெனியில பார்த்த வேலையை உடனே விடலை.

துணிச்சல் வேண்டாம்னு சொல்லலை. ஆனா பல தொழில் படுக்கிறது பயத்தால இல்லை, காசு சுழற்சியால. கடனுக்கு வித்த சரக்குக்குப் பணம் 90 நாள் கழிச்சு வரும். சம்பளமோ 1-ஆம் தேதியே போடணும். கணக்குல லாபம், கையில பூஜ்யம். வசூலுக்கு ஃபோன் போட்டு, முகம் சுளிக்காம திரும்பத் திரும்பக் கேட்கிறதும் திறமைதாங்க. அதை யாரும் மேடையில பேசுறதில்லை.