"ஐஎம்டிபியில கிடக்கு" எண்டா முடிஞ்சுதா?

"ஐஎம்டிபியில அப்பிடித்தானே போட்டிருக்கு" எண்ட ஒரு வசனத்தோட கனக்க சினிமாச் சண்டையள் முடிஞ்சுபோகுது. ஆர் போட்டது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஐஎம்டிபி எண்டது படங்களின்ர விபரம், வேலை செய்த ஆக்களின்ர பெயர், புள்ளி எல்லாம் போட்டிருக்கிற இணையத்தளம். 1990இல சினிமாப் பைத்தியங்கள் இணையத்தில சேர்த்த பட்டியலா தொடங்கினது. 1998இல அமேசான் வாங்கினது. இண்டைக்கும் கணக்கு வச்சிருக்கிற ஆரும் தகவல் அனுப்பலாம். அங்க பார்த்து ஏத்திறதுக்கு ஆக்கள் இருக்கினம்தான். ஆனா ஒவ்வொரு படத்தையும் ஓடவிட்டு ஒப்பிட அவையளாலயும் ஏலாது.

அதுக்காக முழுசாத் தள்ளவும் தேவையில்ல. ஒரு படத்தின்ர பக்கத்தில ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு பெறுமதி. திரையில ஓடுற எழுத்தில உள்ள பெயரைக் கூடுதலா நம்பலாம். ஆரும் படத்தைப் போட்டுச் சரிபார்க்கலாம். பெயருக்குப் பக்கத்தில "அன்கிரெடிட்டட்" எண்டு இருந்தா, அந்த எழுத்தில பெயர் வரேல்ல எண்டு அர்த்தம்; படத்தில அதுக்குச் சாட்சி இல்ல. செலவுத் தொகையோட "எஸ்டிமேட்டட்" எண்டு வந்தா அது ஊகம். சுவையான துணுக்குகளை வாசிச்சுச் சிரிக்கலாம், ஆதாரமாக் காட்டாதேங்கோ.

படத்தின்ர நீளம்தான் ஆக்களை நல்லா ஏமாத்திற கட்டம். செக்கனுக்கு 24 பிரேமில எடுத்த படத்தை 25 பிரேமில ஓட்டுற பால் (PAL) எண்ட தொலைக்காட்சி முறை டிவிடியில 150 நிமிசப் படம் 144 நிமிசத்தில முடிஞ்சிடும். அதைப் பார்த்து ஒருத்தர் 144 எண்டு போடுவார். உடன ஆறு நிமிசத்தை வெட்டிப்போட்டாங்கள் எண்டு கதை கிளம்பும். இந்தியப் படமெண்டா தொடக்கத்தில வாற தணிக்கைச் சான்றிதழை நிப்பாட்டிப் பாருங்கோ. பழைய பிலிம் படங்களுக்கு நீளம் மீற்றரில இருக்கும். 35 மில்லிமீற்றர் பிலிம் நிமிசத்துக்கு 27.4 மீற்றர் அளவில ஓடும், அப்ப 4,000 மீற்றர் எண்டா 146 நிமிசம். அதிலயே ஒரு திகதியும் இருக்கும். அது சான்றிதழ் குடுத்த திகதி, படம் வந்த திகதி இல்ல.

இடமும் அப்பிடித்தான். "கன்னத்தில் முத்தமிட்டால்" படத்தின்ர கதை மாங்குளத்துக்கு வரும், கமரா வரேல்ல. கதை நடக்கிற ஊரைப் படப்பிடிப்பு இடமா எழுதிற ஆக்கள் இருக்கிறவரைக்கும் அந்தக் கட்டத்தில ஒரு கண் வைக்கவேணும்.

"மூண்டு தளத்திலயும் ஒரே மாதிரித்தானே கிடக்கு" எண்டு சொல்லுறது இன்னும் மோசம். பார்த்த படங்களைப் பதிஞ்சு விமர்சனம் எழுதிற லெட்டர்பாக்ஸ்ட் தளத்துக்குத் தகவல் போறது, ஆக்களே விபரம் சேர்க்கிற டிஎம்டிபி எண்ட இன்னொரு சினிமாத் தளத்தில இருந்து. டிஎம்டிபியில எழுதின ஆள் விக்கிப்பீடியாவைப் பார்த்திருப்பார், விக்கிப்பீடியாவில எழுதினவர் ஐஎம்டிபியைப் பார்த்திருப்பார். மூண்டு சாட்சி மாதிரித் தெரியும், உண்மையில ஒரு வாய்தான். டிஎம்டிபியில ஒரு நன்மை, மாற்றங்களின்ர வரலாறு திறந்து கிடக்கும். எந்தக் கட்டத்தை எப்ப மாத்தினது எண்டு பார்க்கலாம்.

இனி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் குறும்படம் எடுக்கிற பெடி பெட்டையளுக்கு. எங்கட பெயருகளில குடும்பப் பெயர் எண்டு ஒண்டில்ல, தகப்பன்ர முதலெழுத்துத்தான். ஒரு படத்தில முதலெழுத்து முன்னால, அடுத்ததில பின்னால, மூண்டாவதில அது இல்லவேயில்ல. பதியிறவர் ஏற்கெனவே இருக்கிற ஆளைத் தெரிவுசெய்யாமல் புதுசாத் தட்டினா, ஒரு ஒளிப்பதிவாளருக்கு மூண்டு பக்கம் முளைக்கும். ஒரே பெயரில வேற ஆள் இருந்தா ரோமன் இலக்கம் போட்டுப் பிரிப்பினம். அதைக் கவனிக்காட்டி உங்கட படம் மற்றவரின்ர கணக்கில ஏறும். ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டலை முதலே முடிவெடுங்கோ. திரையில வேற மாதிரி வந்திருந்தா, அதே பக்கத்தில "இந்தப் பெயரில்" எண்டு குறிக்க வசதி இருக்கு.

படத்தின்ர கடைசியில ஓடுற பெயர்ப் பட்டியலை நாலு செக்கனில பறக்கவிடாதேங்கோ; நிப்பாட்டி வாசிக்க ஏலாட்டி அது ஆதாரமில்ல. படத்தின்ர ஆண்டு எண்டு போடுறது முதல் பொதுத் திரையிடலின்ர ஆண்டு: விழாவில 2023 மார்கழியில காட்டி யூடியூப்பில 2024 தையில ஏத்தினா 2023தான். புள்ளியையும் படக்குழு முழுக்க இருந்து பத்துப் பத்தாக் குத்தாதேங்கோ. ஐஎம்டிபி காட்டுறது வெறும் சராசரி இல்ல, எல்லா வாக்குக்கும் ஒரே பெறுமதி குடுக்காத, நிறை போட்ட கணக்கு. வாக்குப் பரம்பலைத் திறந்தா பத்து மட்டும் பனை மாதிரி நிக்கிறது எல்லாருக்கும் தெரியும்.

பிழை கண்டா முகநூலில ஏசுறதை விட்டுட்டுத் திருத்தம் அனுப்புங்கோ. பொதுவில பார்க்கக்கூடிய இணைப்பையும், அந்தப் பெயர் வாற நிமிசம், செக்கனையும் விளக்கப் பெட்டியில எழுதுங்கோ. மறுத்தா, ஏனெண்டு வாசிச்சு, இல்லாத ஆதாரத்தைச் சேர்த்துத் திரும்ப அனுப்பலாம்.