தோரண வாயில் இருக்கிறது, வாடகைக்கு அறை இல்லை

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவை 2010-இல் திறந்துவைக்க மன்மோகன் சிங் வந்தார். 2015-இல் அங்குள்ள தோரண வாயிலைத் திறக்க மோடி வந்தார். பெருமைதான். ஆனால் அதே வட்டாரத்து அடுக்குமாடிக் கொண்டோக்களில் ஓர் அறை தேடிப் பாருங்கள். "சீனர்களுக்கு மட்டும்" என்று கூச்சமில்லாமல் போட்டிருப்பார்கள்.

அண்மையில் என் தங்கை மகளுக்காக பங்சாரில் அறை தேடினோம். வாட்சாப்பில் எல்லாம் நன்றாகத்தான் போனது. முகவர் படங்கள் அனுப்பினார், எப்போது குடிவருவீர்கள் என்றும் கேட்டார். பெயரைச் சொன்னதும், "இந்தியரா?" ஆமாம் என்றோம். "சாரி, ஓனர் விருப்பம்." அவள் வங்கியில் வேலை செய்கிறாள், சம்பளச் சீட்டைக் காட்டக்கூட வாய்ப்பில்லை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆனால் அது கட்டிப்போடுவது அரசாங்கத்தை, வீட்டுக்காரரை அல்ல.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு பயம் இருக்கிறது. வாடகை பாக்கி வைத்தவரைக் கிளப்ப நீதிமன்ற உத்தரவு வேண்டும், பூட்டை மாற்றிவிட முடியாது. அந்த அலைச்சலுக்குப் பயந்து, தோலைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறார்கள். (நம்மவர்கள் மட்டும் யோக்கியமா? ஆப்பிரிக்க மாணவர் என்றால் கதவைச் சாத்தும் தமிழர் வீடுகளும் உண்டு.) வாடகைத் தகராறை விரைவாக முடிக்கும் தீர்ப்பாயமும், இனம் பார்த்து மறுக்கக்கூடாது என்ற விதியும் ஒரே சட்டத்தில் வந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. குடியிருப்பு வாடகைச் சட்டம் வரும், வரும் என்ற பேச்சுக்கும் பல வருடமாகிவிட்டது.

நம் ஒய்.பி.க்கள், அதாவது நாம் தேர்ந்தெடுத்த மக்கள் பிரதிநிதிகள், என்ன செய்கிறார்கள்? தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளுக்குக் கீழே மாலையோடு நிற்கிறார்கள். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் பெரிய அட்டைக் காசோலை நீட்டுகிறார்கள். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மானியம் வாங்கித் தருபவர் மட்டுமே நம் பிரதிநிதி என்று நாமே அவர்களைப் பழக்கிவிட்டோம். கோயில் உடைப்புகளில் கொதித்துத்தான் 2007 நவம்பர் 25-இல் இந்து உரிமைகளுக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணிக்குத் திரண்டோம். மறுவருடப் பொதுத்தேர்தலிலேயே சுங்கை சிப்புட் தொகுதியில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு தோற்றார். ஆக, நம் கோபத்துக்குப் பலம் உண்டு. அறை கிடைக்காத பிள்ளைக்காக மட்டும் அது ஏன் வருவதில்லை?

அடுத்த முறை ஒய்.பி. உங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்தால், பொன்னாடை போடுவதற்கு முன்பே கேளுங்கள்: வாடகைச் சட்டத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் எத்தனை முறை எழுந்து பேசியிருக்கிறீர்கள்?