சிரிச்சு முடிச்சாச்சா?

நம் திரைப்படக் குழுவின் ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் "கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்" என்று வேறு ஒருவர் போட்டிருக்கிறார். எழுந்து போகவில்லை. புரொஜெக்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விஷயம். 1933இல் வந்த கிங் காங், அந்த ராட்சசக் குரங்குப் படம் பார்த்தோம். அந்தப் படத்தோடு எனக்கு ஒரு வழக்கும் கிடையாது. தந்திரக் காட்சி நிபுணர் வில்லிஸ் ஓ'பிரையன் ஒன்றரை அடி உயரப் பொம்மையைத் துளித் துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் எடுத்து உயிர் கொடுத்தது எல்லாம் இன்றைக்கும் ஆச்சரியம்தான். பொம்மையின் மேல் முயல் தோல். நகர்த்தியவர்களின் விரல் பட்ட இடமெல்லாம் முடி கலைந்து, திரையில் காங்கின் உடம்பு சிலிர்ப்பது போலத் தெரியும். படத்தைப் பற்றிப் பேசிய நம் நண்பர் அதை அழகாக விளக்கினார், பிசகு கூடக் கலையாகிவிட்ட இடம் என்றார். நான்தான் முதலில் கைதட்டினேன். அதே மனிதர் ஐந்து நிமிடம் கழித்து 1976 ரீமேக்கிலிருந்து, குரங்கு உடைக்குள் ஆள் நிற்கிற ஒரு ஸ்டில்லைப் போட்டு, "இது ஸ்கூல் மாறுவேடப் போட்டி" என்றார். கூட்டம் சிரித்தது. ஆறுதல் பரிசு கூடக் கிடைக்காது என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் சிரிப்பு. நான் வாயைத் திறந்ததும், "உங்களுக்கு அது சின்ன வயசு நாஸ்டால்ஜியா சார்" என்று ஒரு தம்பி தோளைத் தட்டினான். தோளைத் தட்டினான்!

முயல் முடி கலைந்தால் கலை, மனுஷன் உடை போட்டால் மாறுவேடம். ரைட்டு.

ஆமாம் தம்பி, சின்ன வயசில்தான் பார்த்தேன். அதை மறைக்க என்ன இருக்கிறது. மாமா வீட்டில், தீபாவளிக்கு மறுநாள், டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓட்டுவார்கள். காலை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதால் வாடகை வீணாகக் கூடாது என்று தூக்கத்தோடு சண்டை போட்டுப் பார்ப்போம். முதலில் எம்ஜிஆர், அப்புறம் ரஜினி, மூன்றாவதாக, தெருவே தூங்கிப்போன நேரத்தில், மாமா ஆசைப்பட்டு எடுத்து வந்த "இங்கிலீஸ் குரங்குப் படம்". அதுதான் 1976 கிங் காங். கேசட் தேய்ந்து திரையில் பாதி கோடு. முழித்திருந்தது மாமா, நான், அம்மாச்சி மூன்று பேர்தான். அம்மாச்சிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. வெற்றிலையை மடித்து வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தது. கடைசியில் ஹெலிகாப்டர்கள் சுட்டுக் காங் கீழே விழுந்ததும், "ஏண்டா, அது பாட்டுக்கு அது ஊர்ல கிடந்துச்சு. அத எவன் கூட்டியாந்தான், எதுக்குக் கூட்டியாந்தான்?" என்று கேட்டது. "பெட்ரோல் விக்கிறதுக்கு ஆத்தா" என்றார் மாமா. அம்மாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெட்ரோல் விக்கக் குரங்கு எதுக்குடா?" என்றது.

இவ்வளவு வருஷமாக எத்தனையோ விமர்சனம் படித்துவிட்டேன். அந்தப் படத்தைப் பற்றி இதற்கு மேல் சரியான கேள்வியை ஒருத்தரும் கேட்டுப் பார்த்ததில்லை.

எவன் கூட்டியாந்தான், எதுக்குக் கூட்டியாந்தான். ராட்சச மிருகப் படத்தின் ரீமேக்கை எடைபோட எனக்கு இந்தத் தராசு போதும். மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சி வந்ததா, இந்தக் கட்டிடம் வந்ததா என்று கல்யாண வீட்டில் சீர்வரிசைத் தட்டை எண்ணுகிற மாதிரி எண்ணுவதற்குப் பெயர் ரசனை கிடையாது. சரக்கு சரிபார்ப்பு.

1933ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவே வேலையில்லாமல் கிடந்த காலம். அந்த வருஷம் மார்ச் 2ஆம் தேதி நியூயார்க்கில் படம் வெளியாகிறது, சில நாளில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாட்டிலுள்ள வங்கிகளை எல்லாம் தற்காலிகமாக மூடச் சொல்கிறார். படத்தில் கதாநாயகி அறிமுகமாவதே பசியில் கடையில் ஒரு ஆப்பிளை எடுக்கப் போய் மாட்டிக்கொள்கிற இடத்தில்தான். அவளைக் கூட்டிப்போகிறவன் ஒரு சினிமாக்காரன். காங்கைக் கொண்டுவருவதும் அவனே, டிக்கெட் விற்க. பசிக்கும் ஊருக்கு ஒரு வேடிக்கை.

இதையே 1976இல் திரும்ப எடுத்தால் என்ன அர்த்தம்? அதனால்தான் அவர்கள் மாற்றினார்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. அந்தக் காய்ச்சல் இறங்குவதற்குள் எழுதப்பட்ட கதை இது. காங் இருக்கிற தீவுக்குப் போகிறவன் பெட்ராக்ஸ் என்கிற எண்ணெய்க் கம்பெனிக்காரன். தீவில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் பக்குவப்படவில்லை, இன்னும் பல ஆயிரம் வருஷம் ஆகும் என்று தெரிகிறது. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? சரி, இந்தக் குரங்கையாவது பிடித்துப் போவோம், கம்பெனிக்கு விளம்பரமாச்சு. காங்கை எதில் ஏற்றுகிறான் தெரியுமா? எண்ணெய்க் கப்பலில், எண்ணெய் ஊற்றி வைக்கிற தொட்டியில். இருட்டில், இரும்புச் சுவரில் சாய்ந்து சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறது அது. மேலிருந்து அந்தப் பெண்ணின் துணி ஒன்று மெதுவாக மிதந்து இறங்குகிறது. அந்தத் தொட்டிக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் மாறுவேடப் போட்டி என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

நியூயார்க்கில் திரையை விலக்கும்போது கூட்டத்துக்கு முதலில் தெரிவது காங் இல்லை. ராட்சச பெட்ரோல் பம்ப். அந்த பம்ப்பைத் தூக்கினால் உள்ளே கூண்டு, கூண்டுக்குள் தலையில் கிரீடம் வைத்த காங். இதைவிட ஒரு படம் எப்படித்தான் சொல்ல வேண்டும்? அம்மாச்சிக்குப் புரிந்துவிட்டது. நமக்கு உடையில் இருக்கிற ஜிப் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது கீழே வரப்போகிற கமெண்ட்டுகளுக்கு முன்கூட்டியே பதில்.

"வசனம் மட்டமாக இருக்கிறதே?" இருக்கிறது. காங்கின் உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் நான் துலாம், நீ என்ன ராசி, மேஷம்தானே என்று கேட்கிறாள். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பத்துப் பொருத்தம் பார்க்காமல் ஒரு காரியம் செய்யாத நாம் இதற்குச் சிரிக்கலாமா என்று மட்டும் யோசியுங்கள். அதே பெண்தான் கடைசியில், தன்னைக் கையில் வைத்திருக்கும்வரை சுடமாட்டார்கள் என்று தெரிந்து, தூக்கிக்கொள், தூக்கிக்கொள் என்று கத்துகிறாள். காங் அவளைத் தள்ளி விட்டுவிட்டுக் குண்டை வாங்குகிறது. விழுந்த பிறகு அதன் இதயத் துடிப்பு கேட்கும், அடங்கி அடங்கி. சுற்றி போட்டோக்காரர்கள் மொய்க்கிறார்கள், அவளை நேசித்த மனுஷனால் கூட்டத்தைத் தாண்டி அவள் பக்கத்தில் வர முடியவில்லை. அந்தப் பெண்ணாக நடித்த ஜெசிகா லாங்குக்கு அது முதல் படம். அந்த முகத்தைப் பார்த்தால் ராசி வசனத்தை மன்னித்துவிடலாம்.

"கடைசியில் காங் ஏறுகிற எம்பயர் ஸ்டேட்டை ஏன் மாற்றினார்கள்?" 1931இல் கட்டி முடித்த எம்பயர் ஸ்டேட் 1933க்குப் புதுசு, 1973இல் திறந்த உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் 1976க்குப் புதுசு. அதுவுமில்லாமல் காங்கின் தீவில் இரட்டைப் பாறை உண்டு, இரட்டைக் கோபுரத்தைப் பார்த்ததும் தன் ஊர் என்று நினைத்து அங்கே போகிறது. ஊர் நினைப்பில் கட்டிடம் ஏறுகிற மிருகம். இது மூலத்தில் கிடையாது.

தீவு மக்களைக் காட்டிய விதம் பற்றிக் கேட்டால், எந்தப் பதிப்பும் தேறாது. அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

"2005இல் பீட்டர் ஜாக்சன் எடுத்ததுதானே மூலத்துக்கு மரியாதை?" வந்துவிட்டார்கள். மரியாதைதான், 187 நிமிட மரியாதை. காங்காக நடித்த ஆண்டி செர்கிஸ் அபாரம், சென்ட்ரல் பார்க்கில் பனியில் சறுக்கி விளையாடுகிற இடம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கதை மறுபடி 1933இலேயே நடக்கிறது, மறுபடி அதே சினிமாக்காரன், அதே நாடக மேடை. எவன் கூட்டியாந்தான் என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். ஜாக்சன் ஒன்பது வயசில் டிவியில் மூலப்படத்தைப் பார்த்து அழுதவர், அவரே சொன்னது. அவர் 207 மில்லியன் டாலர் செலவில் செய்தால் காதல், நான் ஒரு வாக்கியம் பேச எழுந்தால் நாஸ்டால்ஜியா.

(1986இல் காங்குக்குச் செயற்கை இதயம் பொருத்தி இரண்டாம் பாகம் எடுத்தார்களே என்று யாரும் கேட்க வேண்டாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.)

இப்போது அந்த உடை. 1954 காட்ஸில்லாவைப் போன வருஷம் போட்டபோது இதே கூட்டம் என்ன சொன்னது? 100 கிலோவை ஒட்டிய ரப்பர் உடைக்குள் நின்று ஹருவோ நகாஜிமா வெந்து வேர்த்ததைப் பேசிப் பேசிக் கண்கலங்கினோம். அவரும் மனுஷன்தான், அதுவும் உடைதான். ஜப்பான்காரன் போட்டால் தவம், ஹாலிவுட்டில் ரிக் பேக்கர் போட்டால் மாறுவேடமா? அவருடைய முகமூடிகளில் ஒவ்வொரு முகபாவத்துக்கும் ஒன்று தனியாக இருந்தது, வெளியே நின்றவர்கள் கம்பியிழுத்து உதட்டையும் புருவத்தையும் அசைத்தார்கள். கண் மட்டும் அவருடைய கண். குரங்குக் கண் போலத் தெரிய லென்ஸ் போட்டுக்கொண்டு, அதற்குள்ளிருந்து பார்த்தார்.

அதே நேரம் தயாரிப்பாளர் டினோ டி லாரென்டிஸ் ஊரெல்லாம் விளம்பரம் செய்தது 40 அடி இயந்திரக் காங்கை. கார்லோ ராம்பால்டி வடிவமைத்தது, 17 லட்சம் டாலர் விழுங்கியது. படத்தில் அது வருவது சில விநாடி. அந்த விநாடிகளும் பார்க்கச் சகிக்காது, இதில் உங்கள் கட்சிதான் நான். மற்ற நேரம் பெரும்பாலும் நடந்தது, மார்தட்டியது, அந்தப் பெண்ணை அப்படிப் பார்த்தது ரிக் பேக்கர். விருது யாருக்கு? சிறப்பு ஆஸ்கரை ராம்பால்டியோடு இன்னும் இருவர் வாங்கினார்கள். பேக்கர் பெயர் இல்லை. படத்தின் பெயர்ப் பட்டியலில் "சிறப்புப் பங்களிப்பு" என்று ஓரமாக ஒரு வரி. பிற்பாடு அவர் ஏழு ஆஸ்கர் வாங்கினார், அது வேறு கதை. ஆனால் அந்தப் படத்துக்கு அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். படம் முழுக்க வேர்த்தவன் ஓரத்தில், சும்மா நின்ற இரும்புக்கு மாலை.

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, படத்துக்குத் தமிழில் வசன வரி ரொம்ப நன்றாக இருந்தது, எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். நம் நண்பர் மைக்கில், "நெட்ல கிடைக்கும்மா" என்றார்.

நெட்டில் கிடைக்காது. பதினோரு ராத்திரி உட்கார்ந்து நான் போட்டது. அவருக்கு அது தெரியாது, கேட்டதும் இல்லை. நாலு வருஷமாக மாதா மாதம் புரொஜெக்டர் தூக்கி வருவது, சவுண்டு சரி பார்ப்பது, கடைசி ஆள் போன பிறகு நாற்காலி அடுக்குவது எல்லாம் யார் என்று நோட்டீஸில் ஒரு தடவையும் வந்ததில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. இப்போதும் கேட்கவில்லை. "அப்போ இதுதான் கோபமா, அதுக்குத்தான் கிங் காங்கை இழுத்தீங்களா" என்று ஒருத்தர் வந்து கேட்பார். இல்லை. 1976 படத்துக்கான கோபம் தனி, அதை மேலே முழுசாகச் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய.

அடுத்த ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணி, என் வீட்டு மொட்டை மாடி. 1976 கிங் காங். மழை வந்தால் கீழே ஹாலில். ராசி வசனத்துக்குச் சிரித்துக்கொள்ளலாம், தொட்டிக் காட்சியில் சிரித்தால் காபி கிடையாது. தோளைத் தட்டிய தம்பியும் வரலாம். மற்றபடி குழுவின் இந்த மாதத் திரையிடல் பற்றி உள்பெட்டியில் கேட்கிறவர்களுக்கு: புரொஜெக்டர் குழுவுடையது, அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் வந்தேன். எச்.டி.எம்.ஐ. வயர் என்னுடையது. எடுத்து வந்துவிட்டேன்.