விண்வெளியின் குளிர் தனிச்சுழி அன்று

ஆழ்விண்வெளியின் வெப்பநிலை ‘தனிச்சுழி, அதாவது மைனஸ் 273 டிகிரி’ என்று விண்வெளி பற்றிய கட்டுரையில் வரும் வரியைத் திருத்துமாறு இதழாசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். தனிச்சுழி என்பது வெப்பநிலை இறங்கக்கூடிய கடைசி எல்லை. தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் இயற்பியல் நடத்துபவன் என்பதால், மாணவர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்களே என்ற கவலை எனக்கு உண்டு.

விண்மீன்களின் ஒளி எட்டாத வெளியில் ஒரு பொருளை வைத்தால், அது தனிச்சுழிக்கு இறங்காமல் ஏறத்தாழ 2.7 கெல்வினில் (தனிச்சுழியைப் பூஜ்யமாகக் கொண்டு எண்ணும் அளவு), அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றுவிடும். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின், பேரண்டம் 3,000 கெல்வினாக ஆறியபோது விடுபட்ட ஒளி, வெளி விரிந்ததால் ஆயிரம் மடங்குக்கும் மேல் நீண்டு, நுண்ணலையாக இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து பொருளைச் சற்றே சூடாக்கிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். 1964-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற வானொலி வானியலாளர்கள் இருவரும், ஆன்டெனாவில் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைத் துடைத்த பிறகும் நீங்காத இரைச்சலாக இதைக் கேட்டார்கள்; 1978-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். 1989-இல் ஏவப்பட்ட நாசாவின் கோபி (COBE) செயற்கைக்கோள் இதன் நிறமாலையை மிகத் துல்லியமாக அளந்தது.

எங்கள் வீட்டு மாடியில் மூங்கில் கழியில் கட்டிய ஆன்டெனாவை அப்பா திருப்பும்போது, பழைய தொலைக்காட்சித் திரையில் கொதித்த வெள்ளைப் புள்ளிகளில் நூற்றில் ஒரு பங்கு இந்த ஒளிதான் என்று வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பூமிக்கு அருகே நிலைமை வேறு: வெயில் படும் விண்கலத்தின் புறப்பகுதி 100 டிகிரியையும் தாண்டும்.