காபி குடிக்காதவள் என்ற பெருமை

பதினோரு வருஷம் டயட் சோடா குடித்தேன். நாளைக்கு மூன்று கேன், வேலை நெருக்கினால் ஐந்து. சர்க்கரையும் இல்லை, கலோரியும் இல்லை, அப்புறம் என்ன என்பதுதான் என் கட்சி. விட்டு எட்டு மாதம் ஆகிறது. இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: "இதைக் குடித்தால் கேன்சர் வரும்" என்று எனக்கு ஃபார்வர்டு அனுப்பிய நல்லவர்கள்தான் என்னைக் கூடுதலாக இரண்டு வருஷம் குடிக்க வைத்தார்கள்.

2023 ஜூலையில் வந்த செய்தி நினைவிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, டயட் சோடாவில் இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேமை '2பி' பட்டியலில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்று பொருள். அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட, ஒரே நாளில் ஒன்பது முதல் பதினான்கு கேனுக்கு மேல் குடிக்க வேண்டுமாம். நான் ஐந்துதானே! அந்தக் கணக்கை ஃபார்வர்டு அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, நிம்மதியாக அடுத்த கேனை உடைத்தேன்.

இதில் வேடிக்கை, அதற்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதம், அதே உலக சுகாதார நிறுவனம் எனக்கென்றே எழுதியதுபோல ஒன்றைச் சொல்லியிருந்தது. எடையைக் குறைக்க இந்தச் செயற்கை இனிப்புகளை நம்பாதீர்கள், நீண்டகால நோக்கில் உடல் கொழுப்பைக் குறைக்க இவை உதவுவதில்லை என்று. (ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.) அதை ஒருவரும் எனக்கு அனுப்பவில்லை. பயமுறுத்தாத செய்தியை யார் ஃபார்வர்டு செய்வார்கள்?

கடைசியில் விட வைத்தது எந்த ஆய்வும் இல்லை. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து, நாளைக்கு எத்தனை கேன் மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த மகள், "என்னம்மா, ஸ்டாக் எடுக்கிறியா?" என்றாள். கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே ஒரேயடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் மதியம் கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் தலைவலி. மூன்றாம் நாள் மாலை தோற்றுப்போய் ஒரு கேன் குடித்தேன். அரைமணியில் வலி போனது. அப்போதுதான் உறைத்தது, நான் அடிமைப்பட்டிருந்தது இனிப்புக்கு மட்டும் இல்லை. அமெரிக்கக் கணக்குப்படி ஒரு டயட் கோக் கேனில் 46 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. சாதாரண கோக்கில் 34தான். ஐந்து கேன் என்றால் 230. "நான் காபியே தொடமாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், வேலை நெருக்கிய நாளெல்லாம் இரண்டு கப் காபி அளவுக்கு உள்ளே தள்ளியிருக்கிறேன்!

அதனால் இரண்டாவது முறை அவசரப்படவில்லை. வாரத்துக்கு ஒரு கேன் குறைத்தேன். தலைவலி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். நாக்கில் சுருக்கென்று கடிக்கிறதே, அது மட்டும் வேண்டியிருந்தது. குமிழி உடைவதால் வருவது என்று நினைத்திருந்தேன். கரியமில வாயு நாக்கில் அமிலமாக மாறுவதுதான் அந்தக் கடி. அதற்கு இனிப்பே தேவையில்லை. குளிரக் குளிர வெறும் சோடா போதுமாக இருந்தது. பல்லுக்கும் அது பரவாயில்லை. கோலாவில் சர்க்கரையை எடுத்தாலும் பாஸ்பாரிக் அமிலம் அப்படியேதான் இருக்கும்.

தாகம் போய்விட்டது, தலைவலியும் போய்விட்டது. அந்தச் சத்தம்தான் போகவில்லை. நேற்று ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கேனை உடைத்தார். 'ப்ச்ச்' என்றது. டைப் செய்துகொண்டிருந்த என் வலது கை, என்னைக் கேட்காமலே, மேஜையின் ஓரத்துக்குப் போய் வெறும் இடத்தைத் தடவிவிட்டு வந்தது.