முடிவைப் போட்டு உடைத்துவிட்டு மார்க் வேறு!

நேற்று அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. 'கான் ஹோம்' என்ற கம்ப்யூட்டர் கேமுக்கு ரிவ்யூவாம். பேசுகிறவர் நம்ம காரைக்குடிப் பக்கத்துத் தம்பிதான். பத்துக்கு நாலு மார்க். அது போகட்டும், அவரவர் ரசனை. ஆனால் ஆரம்பித்த கையோடு, கதையில் காணாமல் போகும் தங்கை எங்கே போனாள், ஏன் போனாள் என்று முடிவைப் போட்டு உடைத்துவிட்டார். அப்புறம் "சஸ்பென்ஸே இல்லை" என்று குறை வேறு. அதைக் கெடுத்ததே நீங்கள்தானே தம்பி?

அவர் ஆடிய லட்சணத்தைக் கேளுங்கள். கேமின் கதை இது: 1995 ஜூன், நடுராத்திரி, கொட்டும் மழை. வெளிநாட்டிலிருந்து அக்கா வந்து இறங்குகிறாள், வீட்டில் ஒருவரும் இல்லை. வாசல் கதவில் தங்கை ஒட்டிவைத்த சீட்டு: என்னைத் தேடாதே. மொத்தக் கதையும் அதில்தான் தொடங்குகிறது. தம்பி பாதி வாசிக்கும்போதே நகர்ந்துவிட்டார். சாவி அங்கேயே ஒரு வாத்துப் பொம்மைக்கு அடியில் இருக்கிறது. தேடப் பொறுமை இல்லை, கதவை முட்டிக்கொண்டே "கேம் ஹேங் ஆயிடுச்சு" என்கிறார். உள்ளே குளியல் தொட்டியில் சிவப்பாக ஏதோ தெரிந்ததும் "ரத்தம்! பேய்!" என்று ஒரே கத்தல். அது தலைக்குப் போடும் சாயம். புட்டியை எடுத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும், எடுக்கவில்லை. அப்பா எழுதி விற்காமல் போன நாவல்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஒன்றைக்கூடத் தொடவில்லை. எதையும் வாசிக்காமல் ஓடிவிட்டுக் கடைசியில் சொல்கிறார்: "துப்பாக்கி இல்ல, பேய் இல்ல, சும்மா நடக்க விட்டுட்டான்."

2013-இல் வந்தபோதும் இதே கூச்சல்தான். 20 டாலருக்கு ரெண்டு மணி நேரம்தானா, இதெல்லாம் கேமா, சும்மா நடக்க மட்டும் விடுகிற 'வாக்கிங் சிமுலேட்டர்' என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் கேம் ரிவ்யூ எழுதும் பாலிகான் இணையதளம் பத்துக்குப் பத்து கொடுத்தது. 2014-இல், சினிமாவுக்கும் கேமுக்கும் விருது கொடுக்கும் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பிடமிருந்து அறிமுகப் படைப்பு விருதும் வந்தது. விலை கூடுதல் என்பதில் நியாயம் உண்டு, சரி. ஆனால் கதையை மணிக்கணக்கில் நிறுத்தா வாங்குவது? ஒரு குடும்பத்தின் வீட்டைச் சுற்றி நடக்க விடுகிற 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' கேமும் அப்படியொன்றும் நீளமில்லை. அதற்குத்தான் 2018-இல் பாஃப்டா சிறந்த கேம் விருதையே கொடுத்தார்கள்.

வேறு ஊர்க்காரர் சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு கிடக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். பூட்டிய அறைக்குள் இருக்கும் பித்தளை அண்டாவைத் திருப்பி, வெட்டியிருக்கும் விலாசத்தை, அதாவது குடும்பப் பெயரெழுத்தைப் பார்த்து, இது இன்ன ஆச்சிக்கு வந்த சீர் என்று சொல்லிவிடுவார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அந்த விளையாட்டு கேட்பதும் இதே கவனத்தைத்தான். ஒரு பொருளை எடு, திருப்பு, வாசி, யாருடையது என்று யோசி. இதைவிடப் பழக்கமான வேலை செட்டிநாட்டுப் பிள்ளைக்கு வேறு என்ன இருக்கிறது?

பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன செய்ய? எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் விலை பேச அத்தனை பேர் வந்து நின்றார்கள். பெட்டகத்தில் இருந்த பர்மாக் கணக்கு நோட்டும் கடுதாசிகளும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. ஏன் அண்ணே, ஒன்றையாவது பிரித்துப் படித்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். கரையான் அரித்ததை வைத்து என்ன பண்ண என்கிறார்!