ஒன்பதாவதில் சேர்ந்தவர்கள் எங்கே?

ரிசல்ட் வந்த அன்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை சதவீதம்?" சின்ன ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியை இந்த ஒரு கேள்வியால் எடை போடுவது அநியாயம் என்பேன்.

கணக்கைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் சேர்கிறார்கள். கடைசித் தேர்வை எழுதுவது 45 பேர். அதில் 42 பேர் தேர்ச்சி. பலகையில் 93 சதவீதம் என்று எழுதுவார்கள். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால் 70தான். மீதி 15 பேர்? குடும்பம் இடம் மாறியிருக்கலாம். வேலைக்குப் போயிருக்கலாம். "இவன் எழுதினா ரிசல்ட் போயிடும்" என்று டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளையும் அதில் இருக்கலாம். அந்தப் பிள்ளை வெளியே போனதால் பள்ளியின் சதவீதம் ஏறுகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இது வீண் பயம் இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் இடைநிற்றல் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று ஒரு காலத்தில் நாடே பாராட்டியது. 2003இல் மாநிலத் தணிக்கையாளர்கள் 16 பள்ளிகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். பள்ளியைவிட்டுப் போன சுமார் 5,500 பேரில் பாதிக்கு மேல் இடைநின்றவர்கள் கணக்கில் வந்திருக்க வேண்டும், வரவே இல்லை. அது பெருநகரம். சின்ன ஊரில் பத்துப் பிள்ளைகள் விடுபட்டால் பதிவேட்டைப் புரட்ட யார் வருவார்கள்?

இன்னொன்று, எண்ணிக்கை சிறியது. 20 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை என்பது 5 சதவீதம். இரண்டு பேர் தவறினால் 100, 90 ஆகிவிடும். 400 பேர் எழுதும் பள்ளியில் அதே இருவர் அரை சதவீதம். அதே ஆசிரியர்கள், அதே பாடம். ஒரு வருஷம் பாராட்டு, மறு வருஷம் விளக்கக் கடிதம். ஐந்து வருஷத்தைச் சேர்த்துப் பார்க்காமல் ஒரு பள்ளியை நல்லது, மோசம் என்று சொல்லவே கூடாது.

ஆனால் அந்த ஒரு வருஷத்து எண்ணைப் பார்த்துத்தான் பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்க யாருக்கு மனம் வரும்? சேர்க்கை குறைகிறது. பணியிடங்கள் தலைக்கணக்கில் ஒதுக்கப்படும் இடத்தில் இயற்பியல் ஆசிரியர் உபரியாகி மாற்றலாகிறார். அவர் போனதும் அறிவியல் பிரிவு ஆட்டம் காண்கிறது. அறிவியல் படிக்க ஆசைப்பட்ட பிள்ளைகள், வசதி இருந்தால், வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். போக வழியில்லாதவர்கள் தங்குகிறார்கள். அடுத்த வருஷ சதவீதம் இன்னும் இறங்குகிறது. அப்போது, "அந்தப் பள்ளிக்கூடமே சரியில்லை" என்கிறோம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் சதவீதத்தைக் கேட்பதற்கு முன்னால் தேர்வு எழுதியவர்கள் ஒன்பதாவதில் சேர்ந்த வருஷத்து வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். அதிலிருக்கும் 60 பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, இந்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறது என்று விசாரியுங்கள். பெருநகரத்தில் இது நடக்காது. சின்ன ஊரில் முடியும்; யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.